பன்றி விலாவுக்குப் பளபளப்பு ஸ்லோ குக்கரில் வராது

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். பன்றி விலாவை ஒரு பாட்டில் பார்பிக்யூ சாஸில் மூழ்கவைத்து, ஸ்லோ குக்கரில் ‘லோ’ அளவில் பத்து மணி நேரம் வேகவிட்டேன். இறைச்சி நார்நாராகப் பிரிந்து எலும்பு தனியே வந்துவிட்டது. சாஸோ ரசம்போல் நீர்த்துப்போனது. உணவகத்தில் தருவதுபோல் மேலே பளபளவென்று பூச்சு பிடிக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: சாஸ் நீர்த்ததற்கும் பூச்சு பிடிக்காததற்கும் காரணம் ஒன்றுதான், தண்ணீர். ஸ்லோ குக்கரில் எழும் ஆவி மூடியில் பட்டு நீராகி உள்ளேயே சொட்டுகிறது. இறைச்சியும் தன் சாற்றை விடுகிறது. ஈரம் சூழ்ந்திருக்கும்வரை இறைச்சியின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அது சிவந்து மணக்கவோ சுமார் 140 டிகிரி வேண்டும். எவ்வளவு நல்ல சாஸை ஊற்றினாலும் அந்தப் பாத்திரத்துக்குள் மெருகு ஏறாது. குக்கரில் வேகவைத்து, ஓவனில் மெருகேற்றுங்கள்.

கனடாவில் ‘பேக் ரிப்ஸ்’, ‘சைட் ரிப்ஸ்’ என இரண்டு வகை கிடைக்கும். முதுகெலும்பை ஒட்டிய பேக் ரிப்ஸில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் வெந்துவிடும். வயிற்றுப்பக்கத்து சைட் ரிப்ஸில் கொழுப்பும், சதையைப் பிணைக்கும் புரதமான கொலாஜனும் அதிகம். நிதானமான சூட்டுக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து, விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். எதை வாங்கினாலும் எலும்புப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வை உரித்துவிடுங்கள். கத்தி முனையால் ஓர் ஓரத்தை நெம்பி, காகிதத் துண்டால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். இதை விட்டுவைத்தால் எத்தனை மணி நேரமானாலும் தோல்போல் பல்லில் இழுபடும், மசாலாவும் உள்ளே இறங்காது.

ஒன்றரைக் கிலோ விலாவுக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, மிளகுத்தூள், பூண்டுத்தூள், புகையூட்டிய பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்) ஆகியவற்றைத் தடவி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். குக்கருக்குள் புகைக்கு வழியில்லாததால் அந்த மணத்தை பாப்ரிகாதான் தரவேண்டும். உறைந்த இறைச்சியை அப்படியே குக்கரில் இடவே கூடாது. அது சூடேறத் தாமதமாகும், கிருமிகள் பெருக அந்த நேரம் போதும்.

விலாவைப் படுக்கவைக்காமல், சதைப்பக்கம் சுவரைப் பார்க்கும்படி பாத்திரத்தின் ஓரமாக வளைத்து நிறுத்துங்கள். கால் கப் ஆப்பிள் வினிகர் போதும், சாஸ் இப்போது வேண்டாம். ‘லோ’ அளவில் பேக் ரிப்ஸுக்கு ஆறு மணி நேரம், சைட் ரிப்ஸுக்கு ஏழு அல்லது எட்டு. இடையில் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் இழந்த சூடு திரும்ப நேரமாகும்.

பதம் எப்போது என்பதுதான் முக்கியம். கனடா அரசின் பரிந்துரைப்படி பன்றி இறைச்சி 71 டிகிரியிலேயே பாதுகாப்பாக உண்ணத்தக்கதாகிவிடும். ஆனால் விலா அப்போது கடிக்க முடியாதபடி விறைத்திருக்கும். கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறுவது மெல்ல நடக்கும் வேலை. இறைச்சியின் உள்சூடு 90 முதல் 95 டிகிரியை எட்டும்போதுதான் அது கைகூடும். அதற்கு மேலும் மணிக்கணக்கில் வைத்தால் நாரைப் பிணைத்திருந்ததெல்லாம் கரைந்து, உங்களுக்கு நேர்ந்ததுபோல் உதிர்ந்துவிடும். அமெரிக்க பார்பிக்யூ போட்டிகளில் எலும்பிலிருந்து தானாக விழும் விலாவை அளவுக்கு மீறி வெந்ததாகவே நடுவர்கள் கருதுகிறார்கள். கடித்த இடத்தில் மட்டும் சதை சுத்தமாக விடுபடவேண்டும். இடுக்கியால் ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள். விலா நன்றாக வளைந்து, மேற்பரப்பில் லேசாக வெடிப்பு விட்டால் எடுத்துவிடலாம்.

குக்கரை அணைத்து, மூடியைத் திறந்து பதினைந்து நிமிடம் ஆறவிட்டால் உடையாமல் எடுக்க வரும். பிறகு காகிதத் துண்டால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். பலரும் தாண்டிச்செல்லும் இந்த ஒரு நிமிட வேலைதான் பூச்சைப் பிடிக்கவைக்கிறது.

அடியில் தேங்கிய சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை நீக்குங்கள். அதில் அரை கப் மட்டும் எடுத்து, அரை கப் கெட்சப், கால் கப் பழுப்புச் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி கடுகு விழுது சேர்த்து அகன்ற பாத்திரத்தில் கொதிக்கவிடுங்கள். முழுச் சாற்றையும் வற்றவைத்தால் உப்பு கரித்துவிடும். கரண்டியின் பின்புறத்தில் தேன்போல் ஒட்டி நிற்பதுதான் பதம்.

தட்டில் ஃபாயில் விரித்து, சதைப்பக்கம் மேலே இருக்க விலாவை வைத்து, பூச்சை மெல்லியதாகத் தடவுங்கள். ஓவனின் மேற்புறத்திலிருந்து சூடு தரும் பிராய்லரிலிருந்து ஒரு சாண் கீழே மூன்று நிமிடம் வையுங்கள். குமிழியிட்டதும் வெளியே எடுத்து மறுபடி தடவி இரண்டு நிமிடம், பிறகு மூன்றாம் முறை. மொத்தமாக ஒரேயடியாகப் பூசினால் மேலே கருகும், அடியில் வழியும். சர்க்கரை நொடிகளில் தீய்ந்துவிடும் என்பதால் ஓவனை விட்டு நகராதீர்கள்.

இப்போது கையிலிருக்கும் உதிர்ந்த இறைச்சியையும் எறிந்துவிட வேண்டாம். எலும்பை நீக்கி, நீர்த்த சாஸைத் தனியே கொழுப்பெடுத்துப் பாதியாக வற்றவைத்து, இறைச்சியோடு கலந்து பன்னில் வைத்துச் சாப்பிடுங்கள். பக்கத்தில் வினிகர் தெளித்த முட்டைகோஸ் சாலட் இருந்தால் இன்னும் நல்லது.