ஹார்ட் டிஸ்க் பழுதா, கேபிள் பழுதா? லினக்ஸ் கேள்வி பதில்

லினக்ஸ் கணினிகளில் டிஸ்க், டிரைவர் தொடர்பாக வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிக்கும் விதத்திலேயே தமிழில் தந்துள்ளேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டிக்கொள்ளவும்.

கேள்வி (கும்பகோணம், போட்டோ ஸ்டுடியோ நடத்துபவர்): ஐயா, கடைக் கணினியில் லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் நான்கு ஆண்டுக் கல்யாணப் படங்கள் இருக்கின்றன. இரண்டு நாள்களாக ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அரை நிமிடம் எல்லாம் உறைந்து நிற்கிறது; உள்ளே 'டக், டக்' என்று அவ்வப்போது சத்தம் கேட்கிறது. நேற்றிலிருந்து எந்தக் கோப்பையும் சேமிக்க முடியவில்லை. 'ரீட் ஒன்லி' என்று வருகிறது. எஃப்எஸ்சிகே ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். ஓட்டலாமா?

பதில்: ஓட்ட வேண்டாம். எஃப்எஸ்சிகே என்பது கோப்பு முறைமையின் கணக்கைச் சரிபார்க்கும் கருவி. தனக்குக் கீழே இருக்கும் டிஸ்க் நலமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டுதான் அது எழுதவும் அழிக்கவும் செய்யும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அதை ஓட்டினால், இன்று படிக்க முடிகிற படங்களின் பெயர்களும் இருப்பிடங்களும் நாளைக்கு இல்லாமல் போகலாம். 'ரீட் ஒன்லி' ஆனதும் பழுதல்ல, பாதுகாப்பு: சிஸ்டம் நிறுவியிருக்கும் எக்ஸ்ட்4 (லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமை) பார்ட்டிஷனில் பிழை கண்டால் மேற்கொண்டு எதையும் எழுத விடாமல் பூட்டிவிடும்படி மின்ட், உபுண்டு இரண்டிலும் ஏற்கெனவே அமைத்திருக்கிறார்கள்.

முதலில் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சூடோ (நிர்வாகி உரிமை தரும் சொல்) சேர்த்து டிஎம்இஎஸ்ஜி கட்டளையைக் கொடுத்தால், உறைந்து நின்ற அந்த அரை நிமிடத்தில் நடந்தது வரிவரியாகத் தெரியும். 'ஐஓ எரர்' என்ற சொல்லோடு செக்டர் (டிஸ்க் பரப்பின் சிறு துண்டு) எண்ணும் வந்து, அதே எண்ணோ அதன் பக்கத்து எண்ணோ திரும்பத் திரும்ப வந்தால், டிஸ்க்கின் பரப்பில் அந்த இடம் கெட்டிருக்கிறது. அடுத்து ஸ்மார்ட்மான்டூல்ஸ் பொதியில் உள்ள ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' குறிப்பேட்டைப் படியுங்கள். நீண்ட பட்டியல் வரும்; அதில் நான்கு வரிகள் போதும். 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. 198, திருத்த முடியாதவை. 199, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போய்வரும்போது வழியில் சிதைந்த தடவைகள். கடைசி நெடுவரிசையில் உள்ள எண்ணையே பாருங்கள். 1, 7 ஆகிய வரிகளில் சில தயாரிப்புகள் கோடிக்கணக்கில் எண் காட்டும். அதைக் கண்டு பதற வேண்டாம், அந்த எண்ணை எழுதும் முறையே வேறு.

பட்டியலின் மேலே 'பாஸ்ட்' (தேர்ச்சி) என்று ஒரு வரி தெரிந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், செயலிழந்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேலானவை, மிக முக்கியம் என்று அவர்கள் கருதிய நான்கு அளவுகளில் எதிலுமே முன்னறிகுறி காட்டவில்லை. ஸ்மார்ட் குறிப்பேடு கெட்ட செய்தி சொன்னால் நம்பலாம். நல்ல செய்தி சொன்னால் பாதிதான் நம்பலாம்.

உங்கள் டிஸ்க்கில் சத்தமும் இருப்பதால், அறிகுறி பார்த்துக்கொண்டே நாளைக் கடத்தாமல் இன்றே நகல் எடுங்கள். இதைவிடப் பெரிய கொள்ளளவு உள்ள புதிய டிஸ்க் ஒன்றை வாங்கி, நிறுவாமலேயே ஓடும் மின்ட் லைவ் யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி, பழைய டிஸ்க்கை மவுண்ட் செய்யாமலேயே (அதன் ஃபோல்டர்களைத் திறக்காமலேயே) க்னூ டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்க்கையும் நகலெடுக்க வேண்டும். டெபியன், உபுண்டு குடும்பத்தில் இந்தப் பொதியின் பெயர் முன்னால் ஒரு 'ஜி' சேர்த்து ஜிடிடிரெஸ்க்யூ என்றிருக்கும். கட்டளையில் முதலில் பழைய டிஸ்க், பிறகு புதியது, மூன்றாவதாக மேப் கோப்பு. இந்த வரிசை மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும் என்பதால், எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மாடலையும் சீரியல் எண்ணையும் காட்டச் சொல்லி, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிட்ட பிறகே என்டர் தட்டுங்கள்.

மேப் கோப்பை யூஎஸ்பி பென்டிரைவ் போன்ற வேறோர் இடத்தில் வையுங்கள். லைவ் அமர்வின் ஹோம் ஃபோல்டரில் வைத்தால் கணினியை அணைத்ததும் போய்விடும். எந்த இடம் படித்தாயிற்று, எந்த இடம் படிக்கவில்லை என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. மின்சாரம் நின்றாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் 'மைனஸ் என்' சேர்த்து நல்ல இடங்களை மட்டும் விரைவாக எடுத்துவிட்டு, இரண்டாம் சுற்றில்தான் கெட்ட இடங்களோடு மூன்று முறை மல்லுக்கட்டச் சொல்ல வேண்டும். நலமான டிஸ்க் என்றால் ஒரு டெராபைட்டுக்கு இரண்டு மணி நேரம் போதும். உங்களுடையது ஓர் இரவு முழுக்க ஓடலாம், இரண்டு நாளும் ஆகலாம். எஃப்எஸ்சிகே வேண்டுமானால் அந்த நகலின் மேல் ஓட்டிக்கொள்ளலாம்.

நகல் எடுக்கத் தொடங்கும்போதே பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரியாமல், 'டக், டக்' மட்டும் சீராகக் கேட்டால், படிக்கும் தலைப்பகுதி போய்விட்டது என்று பொருள். அப்போது மறுபடி மறுபடி மின்சாரம் கொடுக்காமல், தூசியற்ற அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்துக்குத்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

கேள்வி (மதுரை): நீங்கள் சொன்ன வரிகளைப் பார்த்தேன். எனக்கு 5, 197, 198 மூன்றும் சுழியம். 199 மட்டும் 340. புது டிஸ்க் வாங்கிவிடவா?

பதில்: நூறு ரூபாய்க்கு அருகில் கிடைக்கும் ஒரு சாட்டா கேபிளை முதலில் வாங்குங்கள். 199 ஏறுவது பெரும்பாலும் கேபிளின் குற்றம், அல்லது இணைப்பு தளர்ந்திருப்பது. கேபிளை மாற்றினாலும் 340 என்பது குறையாது, அந்த எண்ணை அழிக்க வழியில்லை. அது மேற்கொண்டு ஏறாமல் நின்றால் பிரச்சினை தீர்ந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இந்த வரியைப் படிக்கத் தெரியாமல் நல்ல டிஸ்க் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதியதை அதே மடங்கிய கேபிளில் மாட்டி, ஒரு வாரத்தில் அதுவும் திணறியபோதுதான் எனக்கு உறைத்தது.

கேள்வி (திருநெல்வேலி, கல்லூரி மாணவி): ஒரே லேப்டாப்பில் விண்டோஸ் 11-உம் உபுண்டுவும் வைத்திருக்கிறேன். விண்டோஸின் 'டி' டிரைவை உபுண்டுவில் திறந்தால் சில நாள் எழுத முடிகிறது, சில நாள் படிக்க மட்டுமே முடிகிறது, சில நாள் திறக்கவே இல்லை. டிஸ்க் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை அம்மா, விண்டோஸ் தூங்குகிறது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கினால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. பாதி ஹைபர்னேட் ஆகி, என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனைத் தன் பிடியிலேயே வைத்திருக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்து உபுண்டுவுக்கு வந்த நாளில் சரியாக இருந்திருக்கும், ஷட் டவுன் செய்து வந்த நாளில் தகராறு செய்திருக்கும்; நினைவுபடுத்திப் பாருங்கள். விண்டோஸ் பவர் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். அவசரத்துக்கு, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுமையாக அணையும். என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கருவியை எல்லோரும் சொல்வார்கள்; அது சில சிறு முரண்பாடுகளைத்தான் சரிசெய்யும், விண்டோஸின் செக்டிஸ்க் செய்யும் வேலையை அது செய்யாது.

கேள்வி (யாழ்ப்பாணம்): மேசைக் கணினியில் இரண்டாவதாக மாட்டியிருந்த டிஸ்க்கைக் கழற்றினேன். இப்போது கணினி தொடங்கும்போது ஒன்றரை நிமிடம் காத்திருந்து 'எமர்ஜென்சி மோட்' என்று கறுப்புத் திரையில் நிற்கிறது.

பதில்: தொடங்கும்போது எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும், இடிசி ஃபோல்டரில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த டிஸ்க்கின் வரி இன்னும் இருக்கிறது. அதை 90 நொடி தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காததால், லினக்ஸைத் தொடக்கிவைக்கும் நிரலான சிஸ்டம்டி நின்றுவிடுகிறது. கறுப்புத் திரையிலேயே ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், நானோவில் அந்தக் கோப்பைத் திறந்து, அந்த வரியின் முன்னால் ஒரு # குறி இட்டுச் சேமித்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். எப்போதாவது மட்டும் மாட்டும் டிஸ்க் என்றால், வரியை நீக்காமல் அதன் விருப்பங்களில் 'நோஃபெயில்' என்று சேர்த்தால் போதும். டிஸ்க்கை 'எஸ்டிபி' போன்ற பெயரால் குறிக்காமல் அதற்கே உரிய யூயூஐடி எண்ணால் குறியுங்கள்; அந்தப் பெயர்கள் மாட்டும் வரிசைக்கேற்ப மாறிவிடும்.

கேள்வி (கோயம்புத்தூர்): புதிய இன்டெல் லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவப் பார்த்தால் நிறுவியில் எஸ்எஸ்டியே தெரியவில்லை. விண்டோஸ் நன்றாக ஓடுகிறது.

பதில்: பயாஸில் டிஸ்க் கட்டுப்பாடு 'ரெய்ட்', 'ஆர்எஸ்டி' அல்லது 'விஎம்டி' என்ற நிலையில் இருக்கும். ஏஹெச்சிஐ நிலைக்கு மாற்றினாலோ விஎம்டியை நிறுத்தினாலோ எஸ்எஸ்டி தெரியும். ஆனால் நேரே போய் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். முதலில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவியைக் குறித்து வைத்துக்கொண்டு, விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் வரவிட்டு, பிறகு அந்த அமைப்பை நீக்குங்கள். இடையில் ஒருமுறை சேஃப் மோடில் வந்தால்தான் விண்டோஸ் தனக்கு வேண்டிய டிரைவரை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி (சென்னை): உபுண்டுவில் என்விடியா டிரைவரை நிறுவினேன். நடுவில் ஏதோ கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். ரீஸ்டார்ட் செய்தபோது ஒரு நீலத் திரை வந்து சில நொடியில் போய்விட்டது. இப்போது திரை தெளிவில்லாமல் இருக்கிறது, இரண்டாவது மானிட்டரும் வரவில்லை. டிரைவரை மூன்று முறை நீக்கி நிறுவிவிட்டேன்.

பதில்: மூன்று முறையும் டிரைவர் சரியாகவே நிறுவப்பட்டிருக்கும், கர்னல்தான் அதை உள்ளே விடவில்லை. உங்கள் கணினியில் செக்யூர் பூட் இயங்குகிறது. கையொப்பமிட்ட மாட்யூல்களை மட்டுமே அப்போது கர்னல் ஏற்கும். உங்கள் கணினியிலேயே டிகேஎம்எஸ் (டிரைவரைக் கர்னலுக்கேற்பக் கட்டித் தரும் கருவி) கட்டிய என்விடியா மாட்யூலுக்கு உங்கள் கணினியே ஒரு சாவி உருவாக்கிக் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியைக் கணினி தொடங்கும்போது ஓடும் 'ஷிம்' என்ற சிறு நிரல் நம்ப வேண்டுமென்றால், கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருமுறை 'ஆம்' சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் அந்த நீலத் திரை வந்தது. பத்து நொடிக்குள் ஒரு விசையைத் தட்டாவிட்டால் அது போய்விடும்.

உறுதிப்படுத்திக்கொள்ள, மாட்ப்ரோப் கட்டளையால் என்விடியா மாட்யூலை ஏற்றிப் பாருங்கள். 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால் இதுவேதான். மோக்யூட்டில் கட்டளையின் இம்போர்ட் விருப்பத்தால் அந்தச் சாவியை மறுபடி பதியச் சொல்லி, தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றைக் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். நீலத் திரை வந்ததும் உடனே ஏதேனும் விசையைத் தட்டி, 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'யெஸ்' என்று வரிசையாகப் போய், அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். அங்கே அமெரிக்க விசைப்பலகை அமைப்புதான் இயங்கும் என்பதால், எளிய எழுத்துகளால் ஆன கடவுச்சொல்லே நல்லது. செக்யூர் பூட்டையே நிறுத்திவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். வேலை முடியும்தான், ஆனால் இரண்டு நிமிட வேலைக்குப் பூட்டைக் கழற்றி எறிய வேண்டுமா என்பது என் எண்ணம்.

நிறுவனத் தளத்திலிருந்து 'ரன்' கோப்பை இறக்கி நிறுவும் வழக்கமிருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்த கர்னல் புதுப்பிப்பில் கறுப்புத் திரையைப் பார்க்க அதுவே நேர்வழி. அப்படி என்றைக்காவது நேர்ந்தால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம்.

கேள்வி (ஈரோடு): டெபியன் நிறுவிய பழைய லேப்டாப்பில் வைஃபை இல்லவே இல்லை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும்.

பதில்: கைப்பேசியைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், எந்த டிரைவரும் நிறுவாமல் இணையம் வந்துவிடும். பிறகு எல்எஸ்பிசிஐ கட்டளையை 'மைனஸ் என்என்கே' சேர்த்துக் கொடுத்தால், வைஃபை சிப்பின் எண்ணும், 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்கிறதா என்பதும் தெரியும். அந்த வரி இருந்தும் வைஃபை இல்லையென்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரல்)தான் இல்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே ஃபர்ம்வேரைச் சேர்த்துவிட்டார்கள்; அதற்கு முந்தையது என்றால் 'நான்-ஃப்ரீ' களஞ்சியத்தைச் சேர்த்து நிறுவிக்கொள்ளுங்கள்.

கேள்வி (கும்பகோணம், முதலில் கேட்டவர்): ஐயா, நகல் முடிந்தது, முப்பது மணி நேரம் ஓடியது. மேப் கோப்பில் சில இடங்கள் மட்டும் படிக்கவில்லை என்று காட்டுகிறது. எந்தப் படங்கள் போயின என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு லட்சம் படங்களையும் திறந்து பார்க்க முடியாதே.

பதில்: அதற்கு டிடிரெஸ்க்யூவிலேயே ஓர் அழகான வழி இருக்கிறது. 'பேட் செக்டர்' என்ற சொற்களை மட்டும் எழுதிய ஒரு சிறு கோப்பை உருவாக்கி, 'ஃபில் மோட்' விருப்பத்தோடு மேப் கோப்பையும் கொடுத்தால், படிக்க முடியாமற்போன இடங்களில் மட்டும், நகல் டிஸ்க்கில், அந்தச் சொற்களை நிரப்பிவிடும். பிறகு நகலைத் திறந்து, கிரெப் கட்டளையால் எல்லா ஃபோல்டர்களிலும் அந்தச் சொற்களைத் தேடுங்கள். எந்தெந்தக் கோப்புகளுக்குள் அவை இருக்கின்றனவோ அவையே சேதமான படங்கள். பெயர்ப் பட்டியலே கிடைத்துவிடும். எதிலும் கிடைக்கவில்லை என்றால், கெட்ட செக்டர்கள் வெற்றிடத்திலோ கோப்பு முறைமையின் சொந்தக் குறிப்புகளிலோ விழுந்திருக்கும். ஆகவே தேடி முடித்த பின் நகல் டிஸ்க்கை அன்மவுண்ட் செய்துவிட்டு எஃப்எஸ்சிகே ஒருமுறை ஓட்டுங்கள், இப்போது தாராளமாக ஓட்டலாம். பழைய டிஸ்க்கை அந்தப் பட்டியலைப் பார்த்து முடிக்கும்வரை தூக்கிப் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்திருங்கள்.