ஐபி68 போன் மேல் ஒரு வாளி ஐஸ் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: என் போன் ஐபி68, அதாவது தண்ணீர் தாங்கும் என்று சொல்லி விற்றது. வாங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது. போன வருடம் டிஸ்ப்ளே உடைந்து வெளிக் கடையில் மாற்றினேன். இப்போது ஒரு போன் கம்பெனியின் பெயரில் எங்கள் கல்லூரி முழுக்க ஒரு சவால் சுற்றுகிறது. போன் மேல் ஒரு வாளி ஐஸ் தண்ணீரை ஊற்றி வீடியோ எடுத்து, அவர்கள் கொடுத்திருக்கும் ஹேஷ்டேக்குடன் போட்டு, மூன்று பேரை டேக் செய்ய வேண்டும். ஒவ்வொரு வீடியோவுக்கும் பத்து ரூபாய் குழந்தைகளின் இருதய அறுவை சிகிச்சைக்குப் போகுமாம். தோழி என்னை டேக் செய்துவிட்டாள். நல்ல காரியம்தானே என்று தோன்றுகிறது. போனுக்கு ஏதாவது ஆகுமா? பணம் உண்மையிலேயே போய்ச் சேருமா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: ஊற்ற வேண்டாம்.

"டிஸ்ப்ளே உடைந்து வெளிக் கடையில் மாற்றினேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, என் கண்ணில் முதலில் பட்டது அந்த வரிதான். டிஸ்ப்ளேயைக் கழற்றிய அன்றே உங்கள் போனின் ஐபி68 கணக்கு முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மொபைல் சர்வீஸில் பதினேழு வருடமாக இருக்கிறேன். ஒரு போனைத் திறந்து, தண்ணீரைத் தடுப்பது எது என்று காட்டினால் பலரும் நம்பமாட்டார்கள். டிஸ்ப்ளேக்கும் பிரேமுக்கும் நடுவே சுற்றிலும் ஓடும் ஒரு பசைக் கோடு. கறுப்பாக, சூயிங்கம் போல இழுபடும். அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். சிம் ட்ரேயின் கழுத்தில் நூல் மாதிரி ஒரு ரப்பர் வளையம். சார்ஜிங் போர்ட்டைச் சுற்றி இன்னொரு ரப்பர். ஸ்பீக்கர், மைக் துளைகளுக்குப் பின்னால் காற்றை விட்டு நீரை மறிக்கும் மெல்லிய சவ்வு. அவ்வளவுதான். டிஸ்ப்ளே மாற்றும்போது சூடு காட்டி அந்தப் பசையைத்தான் முதலில் பிரிப்போம். பழைய பசையை ஒட்டுமொத்தமாகச் சுரண்டி எடுத்து, அந்த மாடலுக்கென்றே வெட்டிய புதுப் பசையை வைத்து, சரியாக அழுத்தி, கடைசியில் கசிவு இருக்கிறதா என்று காற்றழுத்தக் கருவியால் பார்க்க வேண்டும். அந்தக் கருவி தெருமுனைக் கடையில் இருக்காது. ஒரு மூலையில் தலைமுடி அளவு இடைவெளி விட்டுப்போனால் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

சரி, புத்தம்புது போன் என்றால் ஊற்றலாமா? அதற்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். ஐபி68 என்பது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டால் காரணம் புரியும்.

ஐபி என்பது ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தில் வரும் குறியீடு. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்க வேண்டும். 8 என்றால் அதைவிடக் கடுமையான நிபந்தனை. ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைக் கம்பெனியே தீர்மானித்து அறிவிக்கும். அதனால்தான் ஒரே ஐபி68-ஐப் போட்டுக்கொண்டு, சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசையில் ஒன்றரை மீட்டர் என்கிறார்கள், ஐபோன் 12-இல் ஆறு மீட்டர் என்கிறார்கள். நேரம் இரண்டிலும் 30 நிமிடம். சோதனை நடப்பது ஆய்வகத்தில், புது போனை வைத்து, அசையாத நல்ல தண்ணீரில். கடல் நீர், நீச்சல் குளத்துக் குளோரின், சோப்பு நுரை எதுவும் அதில் கிடையாது. இன்னொன்றும் உண்டு. மூழ்கும் சோதனையில் தேறிய போன், பீய்ச்சி அடிக்கும் நீரையும் தாங்கும் என்று அர்த்தமில்லை. அதற்கு 5, 6 என்று தனிச் சோதனைகள். இப்போது சில போன்களில் ஐபி66, ஐபி68, ஐபி69 என்று வரிசையாகப் போடுவது அதனால்தான். 69-இல் வரும் 9 என்பது 80 டிகிரி வெந்நீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் சோதனை. அதில் தேறியது என்பதற்காக, போனைத் தினமும் குளியலறைக்குக் கொண்டுபோகலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் சவாலுக்கு நேராகப் பொருந்துவது வெப்பநிலைதான். ஒரு மீட்டர் மூழ்கும் சோதனையில் தண்ணீருக்கும் கருவிக்கும் இடையே ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று அந்தத் தரமே சொல்கிறது. பயன்பாட்டில் இருக்கும் போன் சுமார் 35 டிகிரியில் இருக்கும். ஐஸ் தண்ணீர் ஐந்து டிகிரிக்கும் கீழே. உள்ளே இருக்கும் காற்று அந்த அளவுக்கு முழுதாகக் குளிர்ந்தால் அதன் அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் கொடுக்கிற கூடுதல் அழுத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது போன் தானே தண்ணீரை உள்ளே உறிஞ்சப் பார்க்கும். ஊற்றும் சில நொடிகளில் அவ்வளவு குளிராது, உண்மைதான். ஆனால் வீடியோ சரியாக வரவில்லை என்று இரண்டாவது, மூன்றாவது முறை ஊற்றுவார்கள். போன் ஐஸ் துண்டுகளுக்கு நடுவே தட்டில் கிடக்கும். அப்போது குளிரும். ஐஸ் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல, போனுக்குள் இருக்கும் ஈரக்காற்றும் கேமரா கண்ணாடிக்குப் பின்னால் பனித்து நிற்கும்.

ஒரு கல்லூரிப் பையன் இப்படித்தான் ஒரு போனைக் கொண்டுவந்தான். கேமராவில் புகை மூட்டம் மாதிரி தெரிகிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது என்றான். சிம் ட்ரேயை உருவி, துளைக்குள் டார்ச் அடித்துக் காட்டினேன். உள்ளே ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் படாத வரை வெள்ளை, பட்டால் சிவப்பு. நல்ல சிவப்பாக இருந்தது. போனைத் திறந்தபோது சார்ஜிங் கனெக்டரின் ஓரத்தில் பச்சை பூக்க ஆரம்பித்திருந்தது. வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்டிக்கர் சிவந்துவிட்டால் வாரண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. திரவத்தால் ஏற்படும் பழுது வாரண்டியில் வராது என்று பெரும்பாலான கம்பெனிகள் எழுதியே வைத்திருக்கின்றன. அவன் முகம் வாடிப்போனது இன்னும் நினைவில் இருக்கிறது. விளம்பரத்தில் பார்த்ததைத்தானே செய்தேன் என்று கேட்டான். அந்தக் கேள்வி நியாயமானது.

வெளிநாடுகளில் இதே கேள்வி வழக்காகவே போயிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சாம்சங் 2016-க்கும் 2018-க்கும் இடையே செய்த விளம்பரங்களில் கேலக்ஸி போன்களை நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்துவது போலக் காட்டியது. ஈரம் காயாமல் சார்ஜ் போட்டால் போர்ட் அரித்துப்போக வாய்ப்பிருந்தது என்று பிறகு ஒப்புக்கொண்டது. 2022-இல் நீதிமன்றம் விதித்த அபராதம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர். இத்தாலியில் ஆப்பிளுக்கு 2020-இல் ஒரு கோடி யூரோ அபராதம். ஆய்வக நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லாமல் நீர் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, உள்ளே தண்ணீர் புகுந்தால் வாரண்டி தர மறுத்தது தவறு என்று அந்நாட்டுப் போட்டி ஆணையம் சொன்னது.

இனி பணத்துக்கு வருவோம். எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வாளி விளையாட்டுக்கு முன்னோடி 2014-இல் அமெரிக்காவில் பரவிய ஐஸ் பக்கெட் சேலஞ்ச். ஏஎல்எஸ் நோய்க்கு நிதி திரட்ட, தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அடுத்தவர்களுக்குச் சவால் விடுவார்கள். ஏஎல்எஸ் என்பது தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகும் நோய். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இருந்தது. அதே நோயால் பாதிக்கப்பட்ட பீட் ஃப்ரேட்ஸ், பேட் குவின் என்ற இரண்டு இளைஞர்கள்தான் அந்தச் சவாலை நோயின் பெயரோடு இணைத்து ஊரெல்லாம் பரப்பினார்கள். இருவருமே இன்று உயிரோடு இல்லை. அந்தக் கோடையில் அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியில், நெக்1 என்ற மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 2016-இல் வெளிவந்தது. ஆகவே தண்ணீரை ஊற்றுவது வெட்டி வேலை என்று நான் சொல்லவே மாட்டேன். ஊற்றியவர்களில் லட்சக்கணக்கானோர் தங்கள் பையிலிருந்து பணமும் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் சாம்சங்கின் பிரிட்டன் கிளை ஒரு வீடியோ போட்டது. கேலக்ஸி எஸ்5 போன் மேல் ஐஸ் தண்ணீர் கொட்டுகிறது. அது ஐபி67 போன், நனைந்தாலும் ஓடுகிறது. அடுத்து அந்தப் போன் மூன்று பேருக்குச் சவால் விடுகிறது: ஐபோன் 5எஸ், எச்டிசி ஒன் எம்8, நோக்கியா லூமியா 930. போட்டிக் கம்பெனிகளின் போன்கள். கண்டனம் வந்தது, வரத்தான் செய்யும். மூச்சு விடவே திணறும் ஒரு நோயாளிக்காக ஊர் கூடிச் செய்கிற ஒன்று, அந்தச் சில நொடிகளில் பொருளை விற்கும் மேடையாகிவிட்டது.

அதற்காகக் கம்பெனி தர்மத்தோடு தன் பெயரைச் சேர்த்தாலே மோசடி என்று நினைக்க வேண்டாம். 1983-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு சென்ட், புதுக் கார்டு ஒன்றுக்கு ஒரு டாலர் என்று அறிவித்து, சுதந்திர தேவி சிலையைப் புதுப்பிக்க 17 லட்சம் டாலர் கொடுத்தது. கார்டு வியாபாரமும் பெருகியது, சிலைக்கும் பணம் வந்தது. யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று முதலிலேயே சொன்னார்கள். மாறாக 2011-இல் ஜப்பானில் சுனாமி வந்த மறுநாள், தங்கள் பதிவை ரீட்வீட் செய்தால் ஒன்றுக்கு ஒரு டாலர், அதிகபட்சம் ஒரு லட்சம் டாலர் என்று மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங் அறிவித்தது. ஜனங்கள் கொதித்துப் போனார்கள். கொடுக்க மனமிருந்தால் கொடுத்துவிட வேண்டியதுதானே, பிணங்கள் கிடக்கும்போது எங்களிடம் எதற்கு விளம்பரம் கேட்கிறீர்கள் என்ற கோபம். பிங் மன்னிப்புக் கேட்டு முழு ஒரு லட்சத்தையும் கொடுத்தது.

"அதிகபட்சம்" என்ற அந்தச் சொல்லைத்தான் உங்கள் சவாலிலும் தேட வேண்டும். விதிமுறைப் பக்கம் என்று ஒன்று இருக்கும், பொடி எழுத்தில். அதிகபட்சத் தொகை ஐந்து லட்சம் என்று இருந்தால், ஐம்பதாயிரம் வீடியோவோடு கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு ஊற்றப்படும் ஒவ்வொரு வாளியும் கம்பெனிக்கு இலவச விளம்பரம். எந்த மருத்துவமனை அல்லது அறக்கட்டளை என்று பெயர் போட்டிருக்கிறதா? பெயர் இருந்தால் அவர்களுக்கே போன் செய்து, இப்படி ஓர் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். தயங்காதீர்கள், நேர்மையான அமைப்புகள் சந்தோஷமாகப் பதில் சொல்லும். அந்த அமைப்புக்கு 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் வருமான வரித் துறைப் பதிவு இருக்கிறதா, தொண்டு நிறுவனங்களைப் பட்டியலிடும் நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பன் தளத்தில் பெயர் வருகிறதா என்றும் பாருங்கள். எந்தத் தேதிக்குள் பணம் போய்ச் சேரும் என்று எழுதியிருக்க வேண்டும். "குழந்தைகளின் நலனுக்காக" என்று மட்டும் போட்டு விட்டிருந்தால் நான் நம்பமாட்டேன்.

சட்டத்திலும் ஒரு விஷயம் உண்டு, பலருக்குத் தெரியாது. நம் நாட்டில் பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்பு நிதியாகச் செலவிட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். தன் பொருளுக்கு விளம்பர லாபம் தேடி ஸ்பான்சர் செய்யும் செலவை அந்தக் கணக்கில் காட்ட முடியாது என்று 2021-இல் விதியைத் திருத்தி எழுதினார்கள். எனவே இந்தச் சவால் சமூகப் பொறுப்பா, விளம்பரமா என்று கம்பெனியிடமே கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அவர்களின் பக்கத்தில் கமெண்டாகவே கேளுங்கள்.

உங்கள் வீடியோவால் அந்தக் குழந்தைகளுக்குப் போவது பத்து ரூபாய். நூறு ரூபாயை அறக்கட்டளையின் கணக்கில் நீங்களே போட்டால், பத்து வீடியோ செய்வதை ஒரே ஆளாகச் செய்துவிடுவீர்கள், போனும் நனையாது. ரசீது வரும். அதில் உங்கள் பான் எண், முகவரி இருந்தால் மறைத்துவிட்டு, அந்த ரசீதைப் போட்டு மூன்று பேரை டேக் செய்யுங்கள். 2014-இல் ஹைதராபாத்தில் ஒரு பத்திரிகையாளர், ஐஸுக்குப் பதில் ஒரு வாளி அரிசியை இல்லாதவர்களுக்குக் கொடுங்கள் என்று ரைஸ் பக்கெட் சேலஞ்ச் தொடங்கினார்; அதுவும் வேகமாகப் பரவியது. கல்லூரியில் நீங்கள் ஆரம்பித்தால் இதுவும் பரவும்.

அப்புறம், உங்களை டேக் செய்த தோழிக்கு ஒரு வார்த்தை. அவர் ஏற்கெனவே ஊற்றிவிட்டார் அல்லவா. வெளிப்புறத்தை மெல்லிய துணியால் துடைத்து, போர்ட் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். காற்றோட்டமான இடத்தில், பேன் அடியில் வைக்கட்டும். அரை மணி நேரமாவது சார்ஜர் பக்கமே போகக் கூடாது. திரையில் நீர்த்துளி அடையாளமோ எச்சரிக்கையோ வந்தால் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கட்டும். ஹேர் டிரையர் வேண்டாம், அந்தச் சூடு பசையை இளக்கிவிடும். போர்ட்டுக்குள் பஞ்சோ குச்சியோ விடக் கூடாது. அரிசி டப்பாவுக்குள்ளும் வைக்க வேண்டாம். அரிசித் துகள் போர்ட்டுக்குள் போய்ப் பழுதாக்கலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. கேமராவில் பனி தெரிந்தாலோ ஸ்பீக்கர் கரகரத்தாலோ உடனே அணைத்துவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாளில் திறந்து சுத்தம் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறோம். பச்சை பூத்த பிறகு வந்தால் போர்டையே மாற்ற வேண்டிவரும்.