பேட்டன்ட் நோட்டீஸ் வந்தால் பட்டறையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஐந்து வருடமாகப் புளியங்கொட்டை நீக்கும் இயந்திரம் செய்து விற்கிறேன். போன மாதம் ஒருவர், ‘இதே இயந்திரத்துக்கு நான் பேட்டன்ட் போட்டிருக்கிறேன், நிறுத்தாவிட்டால் ஹைகோர்ட்டில் ஸ்டே வாங்குவேன்’ என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். இரண்டு லட்சம் கொடுத்தால் சமாதானம் பேசித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பட்டறையையும் நிறுத்த வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் நகலில் இருப்பது விண்ணப்ப எண்தான், காப்புரிமை (பேட்டன்ட்) எண் இல்லை. விண்ணப்பத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். அதை வைத்து ஸ்டே வாங்க முடியாது. காப்புரிமை கைக்கு வரும்வரை மீறல் வழக்கே போட முடியாது என்று காப்புரிமைச் சட்டத்தின் 11ஏ பிரிவு சொல்கிறது.

ஆனால் அதே பிரிவில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். விண்ணப்பம் வழக்கமாக 18 மாதம் கழித்துக் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகும். நாளைக்கு அவருக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டால், அந்த வெளியீட்டுத் தேதியிலிருந்தே நஷ்டஈடு கேட்கலாம். இன்று வழக்கு இல்லை என்பதற்காக, இன்று விற்கும் இயந்திரத்துக்கு நாளைக்குக் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. அதனால் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, வெளியாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். தேடுவது இலவசம். இதற்கும் சில ஆயிரம் கறக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

சரி, காப்புரிமையே கிடைத்துவிட்டால்? அப்போதும் அது செல்லும் என்பதற்குச் சட்டம் உத்தரவாதம் தரவில்லை. பாத்திரத்தைக் கடைசலுக்குப் பிடித்து நிறுத்தும் ஒரு கருவிக்கு வாங்கிய காப்புரிமையை அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ரத்து செய்தார், டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு) காப்பாற்றியது, 1978-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி ரத்து செய்தது. பட்டறையில் கைதேர்ந்தவர் யாரும் செய்யக்கூடிய சின்னத் திருத்தம் கண்டுபிடிப்பு ஆகாது என்பதுதான் காரணம். உங்களைப் போன்ற லேத்காரர்களுக்கு இதைவிட உபயோகமான தீர்ப்பு இல்லை.

ஸ்டே என்றதும் பயப்படுகிறீர்கள். நம் பக்கத்து ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ்ஸையே பாருங்கள். இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சின் விவகாரத்தில் பஜாஜ் மிரட்டியதும், ‘ஆதாரமில்லாமல் மிரட்டுகிறார்கள்’ என்று அதே சட்டத்தின் 106-வது பிரிவில் 2007-ல் முதலில் வழக்குப் போட்டது டிவிஎஸ்தான். 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி பஜாஜ் கேட்டபடி டிவிஎஸ்ஸுக்குத் தடை போட்டார், 2009-ல் டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது. வழக்கைத் தினமும் விசாரித்து அந்த நவம்பருக்குள் முடிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். முடிந்தது 2019-ல், அதுவும் சமாதானத்தில்! கோடிகளில் புரளும் கம்பெனிகளுக்கே இந்தக் கதி என்றால் பட்டறைக்காரர் என்ன செய்வார்? இந்தத் தாமதத்தைத்தான் மிரட்டல் நோட்டீஸ்காரர்களும் ஏஜென்ட்டுகளும் காசாக்குகிறார்கள்.

உங்கள் பலம் பழைய பில்லில் இருக்கிறது. அவர் விண்ணப்பித்த தேதிக்கு முன்பே இதே இயந்திரத்தை நீங்கள் விற்றதற்கு ஜிஎஸ்டி பில், டெலிவரி சலான், தேதியோடு போட்டோ, வாங்கிய மண்டிக்காரரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேருங்கள். அப்புறம் காப்புரிமை வழங்கும் முன்பே ‘இது புதிதில்லை, முன்பே விற்பனையில் இருக்கிறது’ என்று 25-வது பிரிவில் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். இதற்குப் பதிவு பெற்ற பேட்டன்ட் ஏஜென்ட்டைப் பிடியுங்கள். பட்டியல் அதே இணையதளத்தில் இருக்கிறது. இரண்டு லட்சம் கேட்டவர் பெயர் அதில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எதிர்த்தரப்பிலும் அவர் கமிஷன் பேசியிருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

நோட்டீஸுக்கு மட்டும் பதில் போடாமல் இருக்காதீர்கள். நான்கு வரி போதும்: விண்ணப்பத்தின் முழு நகலை அனுப்புங்கள், எந்தப் பகுதியை நான் மீறினேன் என்று சொல்லுங்கள், உங்கள் விண்ணப்பத் தேதிக்கு முன்பிருந்தே நான் விற்கிறேன். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான சான்றையும் அந்த ஃபைலில் வையுங்கள்.