மாமிக்கு பஸ்ஸில் சத்தி: வேர்க்கொம்பு (சுக்கு) கொடுக்க முதல் பார்க்க வேண்டியவை

கோப்பாயிலிருந்து ஒரு மருமகள் கேட்டிருக்கிறார். மாமிக்கு 71 வயது, சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. கண் கிளினிக்குக்காக அடிக்கடி இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போக வேண்டும். போன வருடம் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லையாம், இப்போது வவுனியா தாண்ட முன்னமே வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுக்கிறாராம். மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடு கொடுக்காமல், கையில் ஒரு தேசிக்காயைக் கொடுத்து ஏற்றிவிடுகிறார்கள். ஆயுர்வேதத்தில் என்ன கொடுக்கலாம் என்பது கேள்வி.

தேசிக்காய் சரி. பட்டினி பிழை, அதுவும் சீனி வருத்தக்காரருக்கு ஆபத்தான பிழை. பின்னேரக் குளிசையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு ஏறினால் இரத்தத்தில் சீனி இறங்கி வியர்க்கும், கை நடுங்கும், ஓங்காளிக்கும். அதைப் பார்த்து நாங்கள் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

மருந்துக்கு முதல் இன்னொரு விஷயம். பயணச் சத்தி பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளின் கரைச்சல், வயது போகப் போக அது குறையத்தான் வேண்டும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஓடுகிறோம்’ என்கிறது, கண் முன்சீட்டின் முதுகைப் பார்த்து ‘சும்மா இருக்கிறோம்’ என்கிறது, இந்த இழுபறியில்தான் வயிறு பிரட்டுகிறது. எழுபது வயதுக்கு மேல் இது புதிதாகத் தொடங்கினால் ஏன் என்று கேட்க வேண்டும். புதிதாக மெற்ஃபோமின் என்ற சீனிக் குளிசை தொடங்கினார்களா, அளவைக் கூட்டினார்களா? படுக்கையில் புரளும்போதும் வீடு சுற்றுகிறதா? அப்படியென்றால் காதுக்குள் இருக்கும் கோளாறு, அதற்கு வேறு வைத்தியம். நெஞ்சு இறுக்கம், பேச்சுக் குளறல், இரட்டையாகத் தெரிதல், ஒரு பக்கம் விறைத்தல் எது வந்தாலும் கைமருந்தை மறந்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதெல்லாம் இல்லை என்று டொக்டர் சொன்ன பிறகு வேர்க்கொம்புக்கு வருவோம். தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு (சுக்குக்குப் புறத்தே நஞ்சு என்று பழசுகள் சொல்லும்) இலேசாக வறுத்து இடித்து அரித்து வையுங்கள். அரைத் தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 1 கிராம் தூளை இளஞ்சுடு தண்ணீரில் கலந்து பஸ் ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் குடிக்கக் கொடுங்கள். தேன் வேண்டாம், மாமிக்குச் சீனி. நடுவழியில் தேவைப்பட்டால் இன்னொரு தரம் கொடுக்கலாம், ஒரு நாளுக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சத்தி தொடங்கிய பிறகு கொடுத்துப் பிரயோசனம் குறைவு, அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு இதனால் எரிவு கூடும். வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் குளிசை எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதையில் பஸ் சத்தி இல்லைத்தான். ஆனால் சத்தியை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவதாக, மனம் வெறுக்கும் நாற்றத்தாலும் காட்சியாலும் வருவதைத் தனியே வைத்திருக்கிறது. பூட்டிய ஏசி பஸ்ஸுக்குள் வாசனைத் திரவம் மணக்க, சாப்பாட்டுக் கடையில் நிறுத்தி எடுக்கும்போது பக்கத்துச் சீட்டுக்காரர் மீன் ரோல்ஸ் பையைத் திறந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இதற்குப் பிடித்த மணமே மருந்து, ஆகவே தேசிக்காயை விடாதீர்கள், இரண்டு தேசி இலையைக் கசக்கிக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தால் இன்னும் நல்லது. அதே நூல் சத்தியை நிறுத்தும் பத்துப் பொருள்களைச் சொல்லும் இடத்தில் நெற்பொரியும் மாதுளையும் வருகின்றன. எனக்கு அந்தப் பொரி மிகவும் பிடித்தது. பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு இடியப்பம், உறைப்பில்லாத சொதி, அப்புறம் வழியில் கொறிக்க ஒரு சின்னப் பை பொரி, இவ்வளவும் போதும். பொரியும் சோற்று இனம்தான், கைப்பிடியோடு நிறுத்துங்கள். பொரித்த கோழியும் பால்தேத்தண்ணியும் கொழும்பில் போய் இறங்கின பிறகு.

கடையில் விற்கும் ஏலாதி சூரணம் நல்ல மருந்துதான், சீனி சேர்ந்தே வரும் என்பதால் மாமிக்கு வேண்டாம். அதிமதுரம் சேர்ந்தவை பிரஷரைக் கூட்டும். பாமசியில் தரும் பயணக் குளிசைகள் பல இந்த வயதில் நித்திரை மயக்கத்தையும் தடுமாற்றத்தையும் தரும், பஸ் படியில் இறங்கும்போது விழுந்து இடுப்பு முறிந்தால் சத்தியே பரவாயில்லை என்றாகிவிடும். கேட்டுத்தான் வாங்க வேண்டும். மூலிகை பற்றிக் கேட்க கைதடி சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது, போகும்போது மாமியின் குளிசைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

சீட் விஷயத்தில் சண்டை பிடித்தாவது பின் சில்லுக்கு மேல் உட்காராமல் பாருங்கள். முன்பக்கமோ நடுவோ எடுத்து, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள், இருட்டில் வெளியே பார்த்து ஒன்றும் ஆகாது. போனில் பேரப்பிள்ளையின் வீடியோ காட்டாதீர்கள். பகல் ரயில் கிடைத்தால் அதுவே மேல்.

நயினாதீவுக்குக் கூட்டிப்போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் கிட்டத்தட்ட இருபது நிமிடம்தான். படகின் கீழ்த்தட்டில் டீசல் மணத்துக்குள் இருத்தாமல், காற்றுப் படும் இடத்தில் நடுவாக இருத்தி, கோயில் கோபுரம் தெரியும் பக்கம் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு வேர்க்கொம்பு கூடத் தேவையில்லை. நெடுந்தீவென்றால் ஒரு மணி நேரம் வரும், காற்றுக் காலத்தில் கடல் அடிக்கும், அதை வேறு மாதத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.