78 வயது அப்பாவுக்கு மண்டையோட்டில் துளை போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. ஐந்து வாரங்களுக்கு முன் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டார். வீக்கம்கூட இல்லை, நாங்களும் மறந்துவிட்டோம். பத்து நாட்களாகத் தலைவலி, நடையில் தள்ளாட்டம். வலது கையில் பிடித்த டம்ளர் நழுவுகிறது. பேசும்போது வார்த்தை கிடைக்காமல் திணறுகிறார். சிடி ஸ்கேனில், இடது பக்கம் பழைய ரத்தம் 18 மி.மீ. தடிமனுக்குத் தேங்கியிருப்பதாகவும் மூளை 7 மி.மீ. ஒதுங்கியிருப்பதாகவும் வந்திருக்கிறது. மண்டையோட்டில் துளை போட்டு எடுக்க வேண்டும் என்கிறார் நியூரோசர்ஜன். இதயத் துடிப்பு சீராக இல்லை என்று அப்பா பல வருடங்களாக வார்ஃபரின் சாப்பிடுகிறார். இந்த வயதில் மூளை ஆபரேஷனைத் தாங்குவாரா? மாத்திரையிலேயே கரைக்க முடியாதா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஆபரேஷன்தான் சரியான வழி. வாரக்கணக்கில் யோசிக்க நேரமில்லை. அதற்குள் அவர் எழுப்பினாலும் எழாமல் அயர்ந்து கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இந்தப் பிரச்சினைக்கு க்ரானிக் சப்டியூரல் ஹீமடோமா என்று பெயர். வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். மூளையின் மேற்பரப்பிலிருந்து டியூரா என்ற தடித்த உறைக்குப் போகும் மெல்லிய சிரைகள் அதனால் இழுபட்டு நிற்கும். லேசாக இடித்துக்கொண்டாலே அதில் ஒன்று அறுந்து சிறிது ரத்தம் கசியலாம். எப்போது அடிபட்டது என்றே நினைவில்லாமல் வருபவர்கள் ஏராளம். கசிந்த ரத்தம் அப்படியே இருந்தால் உடம்பே உறிஞ்சிவிடும். ஆனால் சிலருக்கு அதைச் சுற்றி ஒரு சவ்வு உருவாகி, அந்தச் சவ்வில் நொய்ந்த புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. அவை மறுபடி மறுபடி கசிந்துகொண்டே இருக்கும். அடிபட்ட அன்று ஒன்றும் தெரியாமல் ஐந்தாவது வாரத்தில் டம்ளர் நழுவுவது இதனால்தான். இடது பக்க மூளை வலது கை கால்களையும், பெரும்பாலானவர்களுக்குப் பேச்சையும் கவனித்துக்கொள்கிறது. எனவே உங்கள் அப்பாவின் தொந்தரவுகள் ஸ்கேனோடு அப்படியே பொருந்துகின்றன.

இந்தப் பொருத்தம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. வயதும் மில்லிமீட்டர் கணக்கும் அதற்கு அடுத்துதான். 8 மி.மீ. தேக்கத்தோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடும் முதியவருக்கு நான் கத்தியை எடுக்க மாட்டேன். இரண்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு சிடி எடுத்துப் பார்க்கச் சொல்வேன், பலருக்குத் தானாகவே குறைந்துவிடும். உங்கள் அப்பாவுக்கோ கை தளர்ந்துவிட்டது, பேச்சு திணறுகிறது. பொதுவாக 10 மி.மீ.க்கு மேல் தடிமன், 5 மி.மீ.க்கு மேல் விலகல் என்றாலே நாங்கள் கவலைப்படுவோம். அவர் இரண்டையும் தாண்டிவிட்டார்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். 'ரத்தத்தைக் கரைக்கும் மாத்திரை' என்று வீட்டில் சொல்லும் வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்றவை தேங்கிய ரத்தத்தைக் கரைக்காது. புதிதாக உறைவதைத்தான் தடுக்கும். அதாவது இந்த நோயில் அவை கசிவைக் கூட்டவே செய்யும். அடுத்து ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன் கொடுத்தால் அந்தச் சவ்வின் அழற்சி குறையும் என்ற நம்பிக்கையில் பல வருடங்கள் கொடுத்துவந்தோம். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2020-இல் வந்தது. அதில் பெரும்பாலானவர்கள் ஆபரேஷனும் செய்துகொண்டவர்கள். டெக்ஸாமெத்தசோன் எடுத்தவர்களில் மறு ஆபரேஷன் குறைந்தது உண்மைதான், ஆனால் ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் மருந்து எடுக்காதவர்களைவிடக் குறைவு. சர்க்கரை ஏறுவது, தொற்று, மனக்குழப்பம் என்று பக்கவிளைவுகளும் கூடின. அதனால் இப்போது அதை வழக்கமாகக் கொடுப்பதில்லை.

ஆபரேஷனைப் பற்றி நீங்கள் பயப்படுவது இயல்பு. ஆனால் இதில் மூளையை வெட்டுவதில்லை, பொதுவாக அதைத் தொடுவதுகூட இல்லை. தேக்கம் இருப்பது மூளைக்கு வெளியே, டியூராவுக்கு அடியில். அந்தப் பக்கத்து முடியை மழித்து, தோலில் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி, எலும்பில் ஒன்றோ இரண்டோ துளை போடுவார்கள். ஒவ்வொன்றும் சுமார் 14 மி.மீ. விட்டம். எலும்பைத் தாண்டியதும் தானாக நின்றுவிடும்படி அமைந்த டிரில் அது. டியூராவைத் திறந்ததும் பழைய என்ஜின் ஆயில் நிறத்தில் திரவம் அழுத்தத்தோடு வெளியே வரும். நிறம் தெளியும்வரை வெதுவெதுப்பான சலைன் விட்டு அலசிவிட்டு, மெல்லிய ட்யூப் ஒன்றை உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. முழு மயக்கம் கொடுத்துச் செய்வது வழக்கம். இதயமோ நுரையீரலோ பலவீனமாக இருந்தால், தோலை மரத்துப்போகச் செய்து லேசான தூக்க மருந்தோடும் முடித்துவிடலாம். உங்கள் மயக்கவியல் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். தேக்கம் கட்டியாகி, உள்ளே பல தடுப்புகள் எழும்பியிருந்தால்தான் எலும்பைப் பெரிதாகத் திறக்க வேண்டிவரும். உங்கள் அப்பாவுக்கு அது தேவை என்று யாரும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை.

அந்த ட்யூபைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பத்தார் இதைத்தான் தொந்தரவாக நினைக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ட்யூப் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கு மறுபடி தேங்கியது, வைத்தவர்களில் 9.3 சதவீதம் பேருக்குத்தான். பொதுவாக இரண்டு நாள் இருக்கும். முதியவர்கள் ராத்திரியில் இடம் பொருள் தெரியாமல் குழம்பி அதைப் பிடித்து இழுத்துவிடுவதுண்டு. அந்த இரண்டு இரவும் அவருக்குப் பழக்கமான ஒருவர் பக்கத்தில் இருங்கள். கண்ணாடியும் காது மெஷினும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் குழப்பத்தைக் குறைப்பதில் இவற்றுக்குப் பங்குண்டு.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிதாக ரத்தம் கசியலாம், தொற்று வரலாம், வலிப்பு வரலாம், பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ மறுபடி தேங்கலாம். அதே 2009 ஆய்வில் ட்யூப் வைத்தவர்களிலும் ஆறு மாதத்துக்குள் 8.6 சதவீதம் பேர் இறந்தார்கள். இந்த வயதில் கூடவே இருக்கும் இதயம், நுரையீரல் நோய்களையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் தேக்கத்தை அப்படியே விட்டுவைப்பதன் ஆபத்து இதைவிடப் பெரிது. கை கால் தளர்ச்சி ஓரிரு நாளிலேயே திரும்புவதைப் பார்க்கும் வாய்ப்பு நியூரோசர்ஜரியில் அபூர்வம். இந்த ஆபரேஷனில் அது அடிக்கடி நடக்கும்.

யாராவது உங்களிடம் 'ரத்தக்குழாயை அடைக்கும் புது சிகிச்சை' என்றும் சொல்லியிருக்கலாம். மணிக்கட்டு அல்லது தொடை வழியாகக் கதீட்டர் விட்டு, அந்தச் சவ்வுக்கு ரத்தம் கொடுக்கும் நடு மெனிஞ்சியல் தமனியை அடைப்பது. நல்ல சிகிச்சைதான். 2024-இல் வெளியான எம்போலைஸ் ஆய்வில், ஆபரேஷனோடு இதையும் செய்துகொண்டவர்களில் மறு ஆபரேஷன் 11.3 சதவீதத்திலிருந்து 4.1 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் இது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். மூளை அழுந்திக்கொண்டிருக்கும்போது இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. தேக்கத்தை எடுத்த பிறகு துணையாகச் செய்யலாமா என்று கேளுங்கள், வார்ஃபரின் சாப்பிடுபவர் என்பதால் கேட்பது நியாயம்.

அந்த வார்ஃபரின்தான் இந்த விஷயத்தில் நிஜமான தலைவலி. ஆபரேஷனுக்கு முன் அதன் வீரியத்தை முறிக்க வேண்டும். வைட்டமின் கே ஊசியும், அவசரம் என்றால் உறைதல் காரணிகள் அடங்கிய மருந்தும் கொடுத்து, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு பொதுவாக 1.5-க்குக் கீழே வந்த பிறகே கத்தியை வைப்பார்கள். அதற்கான சில மணி நேரத் தாமதத்தை அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பதிலைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். இன்றே போன் செய்து மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள். இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்களுக்குக் கணக்கே வேறு, அதனால் வால்வு ஆபரேஷன் ஏதாவது நடந்திருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எடுக்கும் சிடியில் 'மிச்சத் தேக்கம் இருக்கிறது' என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். சில வாரங்களுக்குக் கொஞ்சம் திரவமும் காற்றும் இருப்பது சகஜம். ஆள் நன்றாக நடந்து பேசுகிறாரா என்று பாருங்கள். தலைவலி கூடினாலோ, கை மறுபடி தளர்ந்தாலோ, பகலிலும் தூங்கி வழிந்தாலோ அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது? சீக்கிரம் தொடங்கினால் தலையில் கசிவு, ரொம்பத் தள்ளிப்போட்டால் இதயத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகிப் பக்கவாதம். சில வாரங்கள் இடைவெளி விடுவது வழக்கம், ஆனால் அது ஆளுக்கு ஆள் மாறும். நியூரோசர்ஜனும் இதய மருத்துவரும் சேர்ந்து பேசி முடிவுசெய்ய வேண்டியது இது. ஒருவர் மற்றவரைக் கேட்கச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருப்பதும் உண்டு. அதனால் வார்ஃபரினா வேறு மாத்திரையா, எந்தத் தேதியில், எந்த அளவில் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.