அமெரிக்க ரசிகர்களும் பிரிட்டிஷ் ரசிகர்களும் ஏன் இவ்வளவு வேறாக இருக்கிறார்கள்?

கேள்வி: அமெரிக்காவில் ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் குடும்பத்தோடு பிக்னிக் வந்தவர்கள் போல இருக்கிறார்கள். இங்கிலாந்தில் கால்பந்து ரசிகர்களைப் பார்த்தால் சண்டைக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி இருக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? யாருக்குத் தங்கள் அணி மேல் பற்று அதிகம்?

பதில்:

லண்டனில் படித்தபோது டூட்டிங்கில் குடியிருந்தேன். தமிழ்க் கடைகள் நிறைந்த அந்தப் பகுதியிலிருந்து நடந்தே போய்விடலாம், ஏ.எஃப்.சி. விம்பிள்டன் கிளப்பின் ப்ளவ் லேன் மைதானத்துக்கு. அப்புறம் வேலைக்காகக் கலிஃபோர்னியா வந்து ஃப்ரீமான்டில் தங்கியபோது, பார்ட் ரயில் ஏறி ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்களுக்குப் போக ஆரம்பித்தேன். இரண்டு ஊர்களிலும் மனதாரக் கத்தியவன் நான். அதை வைத்துச் சொல்கிறேன்: இரண்டு நாட்டு ரசிகர்களின் குணம் வேறு என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. எதிரணியின் ஊர் எவ்வளவு தூரம், தோற்றால் என்ன ஆகும், அணி யாருடைய சொத்து, இந்த மூன்றையும் பார்த்தாலே பெரும்பாலான வித்தியாசம் புரிந்துவிடும்.

முதலில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன். இங்கிலாந்துக் கால்பந்து மைதானத்தில் எதிரணி ரசிகர்களுக்குத் தனி மூலை உண்டு. தனி வாசல், நடுவில் காவலர்கள் வரிசை. பிரீமியர் லீக்கில் வந்த அணிக்கு 3,000 இருக்கைகள், அல்லது மைதானத்தின் மொத்த இருக்கைகளில் பத்தில் ஒரு பங்கு, இவற்றில் எது குறைவோ அது. அந்த டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று 2016-ல் உச்சவரம்பு வைத்தார்கள். ரசிகர்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது அது. நியூகாசிலிலிருந்து போர்ன்மத் வரை போவது நாட்டின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போவது போலத்தான். ஆனாலும் விடியற்காலையில் பஸ் ஏறினால் ஆட்டத்துக்குப் போய்ச் சேரலாம், இரவே திரும்பியும் விடலாம். அதனால் ஒவ்வொரு வாரமும் சொந்த ஊர்க் கூட்டத்துக்கு எதிரே இன்னொரு கூட்டம் நிற்கிறது. ஒருவரை ஒருவர் பாட்டாலேயே தாக்கிக்கொள்கிறார்கள். புதிய வீரர் ஒருவர் வந்து சேர்ந்தால் சில நாட்களில் அவர் பெயரில் பாட்டு தயார். மெட்டு பழையதாக இருக்கும், வரிகள் மட்டும் புதியவை. யார் எழுதினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அமெரிக்காவில் இதற்குத் தூரமே இடம் கொடுப்பதில்லை. பாஸ்டன் ரசிகர் சியாட்டிலில் ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் நாலாயிரம் கிலோமீட்டர் பறக்க வேண்டும். பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள், அதில் பாதி வெளியூரில். எந்தக் கூட்டமும் அப்படிச் சுற்ற முடியாது. எதிரணிச் சட்டை போட்டவர் உங்கள் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவார். பெரும்பாலும் அதே ஊரில் வேலை பார்க்கிறவராகத்தான் இருப்பார். அவரோடு சண்டை போட்டு என்ன ஆகப் போகிறது? ஓக்லண்டில் என் பக்கத்தில் உட்கார்ந்த சியாட்டில் ரசிகர் ஒருவர், பேஸ்பாலில் எனக்குப் புரியாத விதிகளைப் பொறுமையாக விளக்கிச் சொன்னார். ப்ளவ் லேனில் இது நடக்காது. அங்கே அந்த மனிதர் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பார்.

அமெரிக்கர்களின் உற்சாகம் முழுவதையும் பார்க்க வேண்டுமென்றால், பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து நடக்கும் நாளில் மைதானத்துக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்துக்குப் போக வேண்டும். ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே வண்டிகளின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டு, முன்பின் தெரியாதவர்களையும் கூப்பிட்டுத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். டெயில்கேட்டிங் என்பது இதுதான். இங்கிலாந்தில் அந்த இடத்தைப் பப்கள் பிடித்துக்கொண்டன. பல மைதானங்கள் குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவே இருப்பதால் கார் நிறுத்தவே இடமில்லை. கையில் பீரோடு இருக்கையில் உட்கார்ந்து கால்பந்து பார்ப்பதையும் 1985-ல் வந்த சட்டம் தடுக்கிறது. கிரிக்கெட்டுக்கும் ரக்பிக்கும் இந்தத் தடை கிடையாது. அதே ஆங்கிலேயர் ரக்பி ஆட்டத்தில் எதிரணி ரசிகர் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே குடிக்கிறார். குணத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கம்பித் தடுப்புக்கும் காவலர் வரிசைக்கும் பின்னால் ஒரு துயர வரலாறு இருக்கிறது. 1985-ல் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் எதிரணிப் பகுதிக்குள் பாய்ந்தபோது சுவர் சரிந்து 39 பேர் இறந்தார்கள். ஆங்கிலேய கிளப்கள் ஐந்து ஆண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளில் ஆட முடியவில்லை. அதற்குப் பிறகு கால்பந்து ரசிகன் என்றாலே ரவுடி என்ற பார்வை காவல்துறையிலும் அரசிலும் ஊறிப் போனது. அந்தப் பார்வையின் விலை 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் தெரிந்தது. கம்பி வேலி போட்டு அடைத்த பகுதிக்குள் அளவுக்கு மீறி ஆட்களை விட்டார்கள். உள்ளே மூச்சு முட்டிக்கொண்டிருந்தவர்களை, ஏதோ கலவரம் செய்கிறவர்களாகத்தான் முதலில் பார்த்தார்கள். அந்த நெரிசலால் இறந்த லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர். பழியையும் ரசிகர்கள் மேலேயே போட்டார்கள். அதை முதல் பக்கத்தில் அச்சிட்ட 'தி சன்' நாளிதழை லிவர்பூல் நகரில் இன்றும் பலர் கையால் தொடுவதில்லை. ரசிகர்கள் மேல் தவறில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று மரண விசாரணை ஜூரி சொல்வதற்கு 2016 ஆகிவிட்டது. குடும்பங்கள் இருபத்தேழு ஆண்டுகள் விடாமல் போராடின. பிரிட்டிஷ் ரசிகர்களிடம் ஒரு முறைப்பு இருக்கிறது என்றால், அதிகாரம் சொல்வதை எளிதில் நம்பாத பழக்கம் இருக்கிறது என்றால், அது இங்கிருந்தும் வருகிறது. அமெரிக்க விளையாட்டில் ரசிகர்களுக்கு இப்படி ஒரு காயம் இல்லை.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பெரிய திரை 'சத்தம் போடுங்கள்' என்று சொன்னால்தான் போடுகிறார்கள் என்று லண்டன் நண்பர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. ஆனால் அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். தங்கள் அணியிடம் பந்து இருக்கும்போது கூட்டம் அமைதியாகிவிடும். எதிரணியிடம் பந்து போனதும் அவர்களுடைய ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் சொல்வது சக வீரர்கள் காதில் விழாதபடி எழுபதாயிரம் பேர் ஒன்றாகக் கத்துவார்கள். கேன்சஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானத்தில் 2014-ல் 142.2 டெசிபல் பதிவானது. ஆட்டத்தின் உள்விவரம் தெரிந்த கூட்டத்தால்தான் அப்படி நேரம் பார்த்துக் கத்த முடியும். இங்கிலாந்துக் கூட்டம் தன் மனதுக்காகப் பாடுகிறது. 0–4 என்று தோற்றுக்கொண்டிருக்கும்போதும் பாடும்.

அடுத்தது, தோற்றால் என்ன ஆகும் என்ற கேள்வி. பிரீமியர் லீக்கில் இருக்கும் 20 அணிகளில் கடைசி மூன்று கீழ்ப் பிரிவுக்கு இறங்கியாக வேண்டும். சண்டர்லண்ட் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இறங்கி 2018-ல் மூன்றாம் பிரிவில் போய் நின்றது. அந்த டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டுக்கு எதிரான மூன்றாம் பிரிவு ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தார்கள்! அமெரிக்காவில் யாரும் இறங்குவதில்லை. என்.எஃப்.எல்.-லில் கடைசி இடம் பிடித்த அணிக்குத்தான் அடுத்த ஆண்டு புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பு. 1936 முதல் இப்படித்தான். அதனால் அமெரிக்க ரசிகர் நிம்மதியாகத் தோற்கலாம், 'அடுத்த சீசன் பார்த்துக்கொள்ளலாம்' என்று வீட்டுக்குப் போகலாம். இங்கிலாந்தில் ஏப்ரல் மாதம் பதினேழாம் இடத்துக்காக நடக்கும் ஆட்டத்தில் பெரியவர்கள் அழுவதைப் பார்க்கலாம். கிளப் இறங்கினால் வருமானம் போகும், வீரர்கள் போவார்கள், அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களின் வேலையும் போகும். பிக்னிக் மனநிலை அங்கே எப்படி வரும்?

எனக்கு மிக நெருக்கமான விஷயம், அணி யாருடையது என்பது.

பழைய விம்பிள்டன் கிளப் 1988-ல் லிவர்பூலை 1–0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பை எடுத்த கிளப். அதன் முதலாளிகள் அதை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டு போக முடிவு செய்தார்கள். 2002 மே மாதம் கால்பந்துச் சங்கம் அமைத்த மூவர் குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் சில வாரங்களில் புதிய கிளப்பைத் தொடங்கினார்கள். விம்பிள்டன் காமன் புல்வெளியில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அழைத்து வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பதாம் பிரிவில் தொடங்கி, ஒன்பதே ஆண்டுகளில், 2011-ல், தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தார்கள். 2020 நவம்பரில் ப்ளவ் லேனுக்கே திரும்பினார்கள். அந்த மைதானத்துக்கு ரசிகர்கள் தங்கள் சேமிப்பைக் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள். கிளப்பின் பெரும்பங்கு இன்றும் ரசிகர் அறக்கட்டளையிடம்தான். ஒரு பெரியவர் தன் பேத்திக்கு மைதானத்துச் சுவரைக் காட்டி 'இது நம்முடையது' என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அவர் சொன்னது கணக்குப்படியே உண்மை.

இங்கிலாந்துக் கால்பந்தில் அப்படி ஓர் இடமாற்றம் நடந்தால் நாடே பதறுகிறது. அமெரிக்காவில் அது சாதாரண வியாபாரம். 1984 மார்ச்சில் ஓர் இரவோடு இரவாக லாரிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு பால்டிமோர் கோல்ட்ஸ் என்ற என்.எஃப்.எல். அணி இண்டியானாபொலிஸ் போய்விட்டது. அந்த அணியின் பேண்டு வாத்தியக் குழு மட்டும் பால்டிமோரிலேயே தங்கி, அணியே இல்லாமல் பன்னிரண்டு ஆண்டுகள் வாசித்துக்கொண்டிருந்தது, 1996-ல் புதிய அணி வரும் வரை. அமெரிக்கர்களுக்குப் பற்று குறைவு என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆர்சனலின் முதலாளி ஸ்டான் க்ரோங்கி 2016-ல் செயின்ட் லூயிஸ் நகரின் ராம்ஸ் என்ற என்.எஃப்.எல். அணியை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டு போனவர். அந்த நகரத்தால் தடுக்க முடியவில்லை. 2021 ஏப்ரல் 18 அன்று ஆர்சனல் உட்பட ஆறு ஆங்கிலேய கிளப்கள், அமெரிக்க லீக்குகள் போலவே நிலையான உறுப்பினர்களுக்கு இடம் உறுதியாக இருக்கும் ஐரோப்பிய சூப்பர் லீக்கை அறிவித்தன. ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். செல்சீ ரசிகர்கள் தங்கள் அணியின் பஸ்ஸையே மறித்தார்கள். இரண்டே நாளில் ஆறு கிளப்களும் பின்வாங்கின. 2025-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கால்பந்துக்குத் தனி ஒழுங்காற்று அமைப்பையே கொண்டுவந்தது. கிளப்பின் மைதானத்தை மாற்ற இனி முதலாளியின் விருப்பம் மட்டும் போதாது.

ஓக்லண்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2019-ல் கூடைப்பந்து அணி வாரியர்ஸ் வளைகுடா தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோ போனது. 2020-ல் என்.எஃப்.எல். அணி ரெய்டர்ஸ் லாஸ் வேகாஸ் போனது. மிச்சம் இருந்தது அத்லெட்டிக்ஸ் மட்டும். அதையும் வேகாஸ் கொண்டு போகும் திட்டம் வந்தபோது, 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் வராமல் புறக்கணிப்பதற்குப் பதிலாகத் திரண்டு வந்தார்கள். சில ஆயிரம் பேரே வந்துகொண்டிருந்த மைதானத்தில் அன்று 27,759 பேர். 'விற்றுவிடு' என்று எழுதிய பச்சைச் சட்டைகளை ரசிகர்களே அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். வலதுபக்கக் காலரியில் எப்போதும் முழங்கும் முரசுகளோடு மைதானமே சேர்ந்து, முதலாளி அணியை வேறு யாருக்காவது விற்க வேண்டும் என்று கத்தியது. நான் அமெரிக்காவில் கேட்ட சத்தங்களில் ப்ளவ் லேனை நினைவுபடுத்தியது அது ஒன்றுதான். பலன் இல்லை. நவம்பரில் 30 அணிகளின் முதலாளிகளும் ஒருமனதாக இடமாற்றத்துக்கு வாக்களித்தார்கள். 2024 செப்டம்பர் 26 அன்று 46,889 பேர் முன்னால் கடைசி ஆட்டம் நடந்தது.

விதிவிலக்குகளும் உண்டு. விஸ்கான்சினின் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற என்.எஃப்.எல். அணிக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். லாபப் பங்கு கிடையாது, பங்கை விற்கவும் முடியாது, ஆனாலும் வாங்குகிறார்கள். கல்லூரிக் கால்பந்தும் வேறு உலகம். ஆன் ஆர்பரில் உள்ள மிஷிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். பாட்டு, பேண்டு, தலைமுறைப் பகை எல்லாம் அங்கே உண்டு, ஏனென்றால் பல்கலைக்கழகத்தை யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது.

யாருக்குப் பற்று அதிகம் என்று கேட்டிருந்தீர்கள். ஓக்லண்டில் அத்லெட்டிக்ஸ் கிளம்புவதற்கு முன்பே, பாலர்ஸ் என்று ஒரு புதிய பேஸ்பால் அணி உருவாகி, 2024 முதல் ரைமண்டி பார்க்கில் ஆடுகிறது. ரசிகர்களும் அதில் பங்கு வாங்கியிருக்கிறார்கள். விம்பிள்டன்காரர்கள் செய்ததற்கு மிக நெருங்கிய காரியம் இது. ஒன்றுதான் வித்தியாசம்: ஏ.எஃப்.சி. விம்பிள்டன் ஜெயித்து ஜெயித்து ஏறி 2025-ல் மூன்றாம் பிரிவுக்குத் திரும்பிவிட்டது. பாலர்ஸ் இனி எல்லா ஆட்டங்களையும் ஜெயித்தாலும் அத்லெட்டிக்ஸ் ஆடும் மேஜர் லீக்குக்குள் போக முடியாது, அங்கே அப்படி ஏறிப் போகும் ஏற்பாடே கிடையாது. அது நன்றாகத் தெரிந்த பிறகும் ரைமண்டி பார்க்குக்கு ஆட்கள் வருகிறார்கள். பிள்ளைகளையும் அழைத்து வருகிறார்கள். இவர்களுக்குப் பற்று குறைவு என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.