விளையாட்டுக் கேள்வி - பதில்: யாரை உட்கார வைப்பது?

கேள்வி: நள்ளிரவில் கண்விழித்து இங்கிலாந்துக் கால்பந்து அணியான மான்செஸ்டர் சிட்டியின் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தால், போன ஆட்டத்தில் கோல் அடித்தவரையே பயிற்சியாளர் பெப் குவார்டியோலா வெளியே உட்கார வைத்திருக்கிறார். ஜெயிக்கிற அணியை எதற்காகக் கலைக்க வேண்டும்?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீகில் மட்டும் 38 ஆட்டங்கள், அவற்றோடு இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளும், 2024-25 முதல் தொடக்கச் சுற்றிலேயே 6க்குப் பதிலாக 8 ஆட்டங்கள் கொண்ட, ஐரோப்பிய அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீகும் சேர்ந்துகொள்வதால், பல வாரங்களில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை களமிறங்க வேண்டியிருக்கிறது. ஆனால் களைப்பு பாதிக் காரணம்தான். தன் கோலைச் சுற்றிக் கோட்டை கட்டி நிற்கும் அணிக்கு எதிராக, குறுகிய இடத்தில் ஒருவரை ஏமாற்றிப் பந்தோடு நுழையக்கூடிய விங்கர், அதாவது ஓரத்தில் ஆடும் தாக்குதல் ஆட்டக்காரர், வேண்டும். மேலேறி வந்து நெருக்கும் அணிக்கு எதிராகப் பந்தைப் பதறாமல் காப்பவர் வேண்டும். போன வாரக் கோல் இந்த வார எதிரணிக்குப் பதிலாகாது.

சிட்டி மூன்று கோப்பைகளை வென்ற 2022-23 பருவத்தில், தற்காப்பு ஆட்டக்காரரான ஜான் ஸ்டோன்ஸ், பந்து தம் அணியிடம் இருக்கும்போதெல்லாம் முன்னேறி நடுக்கள ஆட்டக்காரர் ரோட்ரியின் பக்கத்தில் நின்றார். அவர் விட்டுவந்த இடத்தை யார் மூட வேண்டும் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் அது பலித்தது. ஆள் மாறலாம், வேலை மாறக்கூடாது என்பதே என் கருத்து. அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கும் சிட்டியே சாட்சி: 2024 செப்டம்பரில் ரோட்ரி முழங்கால் காயத்தால் வெளியேற, தொடர்ந்து நான்கு முறை லீக் பட்டம் வென்றிருந்த அணி அந்தப் பருவத்தை மூன்றாம் இடத்தில் முடித்தது.

கேள்வி: ஒரே அணியை வைத்துக்கொண்டு யாருமே ஜெயித்ததில்லையா?
- வாசகர், தென்காசி

பதில்: ஜெயித்திருக்கிறார்கள். செல்சி அணியில் இருந்தபோது ஆட்களை ஓயாமல் மாற்றுகிறார் என்று ஆங்கிலப் பத்திரிகைகளின் கேலிக்கு ஆளான பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரியே, 2015-16இல் பெரிய மாற்றமின்றி லெஸ்டர் சிட்டிக்குப் பட்டம் வாங்கித் தந்தார். அந்த ஆண்டு லெஸ்டருக்கு ஐரோப்பியப் போட்டி கிடையாது. உள்நாட்டுக் கோப்பைகளிலிருந்தும் சீக்கிரமே வெளியேறிவிட்டது.

கேள்வி: பள்ளி அணிக்குப் பயிற்சி அளிக்கிறேன். மே மாதத்தில் மூன்று நாளில் மூன்று ஆட்டங்கள். யாரை மாற்றுவது?
- உடற்கல்வி ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: அக்கினி நட்சத்திர வெயிலில் போட்டி வைப்பவர்களுக்குத்தான் முதலில் ஓய்வு கொடுக்க வேண்டும்! நடுத் தற்காப்பில் நிற்கும் இருவரையும் கோல்கீப்பரையும், காயம் இல்லாதவரை, சேர்த்தே வைத்திருங்கள். ஒருவர் குரலுக்கு மற்றவர் பழகியிருப்பார். ஓரங்களில் ஏறி இறங்கும் பையன்கள்தான் அதிகம் வேகமாக ஓடுகிறவர்கள் என்பதால், மாற்றத்தை அங்கே தொடங்குங்கள். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். முதல் நாளின் கடைசி இருபது நிமிடங்களைக் கவனியுங்கள்: பந்தை இழந்ததும் திரும்பி ஓடாமல் முழங்காலில் கையூன்றி நிற்கிற பையன் மறுநாள் தொடக்கத்தில் வெளியே இருக்கட்டும். அதை ஆட்டத்துக்கு முன் பெயர்ப் பட்டியலைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ளும்படி விடாமல், முந்தின நாள் மாலையே, எந்த நிமிடத்தில் இறக்குவீர்கள் என்பதையும் சேர்த்து அவனிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.